சிறுமூளைக்கு வரும் நரம்புப் பாதைகள்: எந்தக் காம்பு, எந்தப் பக்கம், எந்த இழை?

முகுளம் எழுதியது:

சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கும் மூன்று காம்புகளையும் (மேல், நடு, கீழ் என்ற தடித்த இழைக்கற்றைகள்) அவற்றில் ஓடும் பாதைகளையும் வரிசையாகச் சொல்லிவிட முடிகிறது. பக்கம் என்று வரும்போதுதான் பிடி நழுவுகிறது.

இடது முகுளத்தின் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) பக்கவாட்டில் ரத்தக்குழாய் அடைத்தால் இடது கை, கால் தடுமாறும். இடது பான்ஸின் (முகுளத்துக்கு மேலே உள்ள பகுதி) அடிப்பகுதியில், அதாவது முன்பக்கத்தில், சின்ன அடைப்பு வந்தால் வலது கை, கால் தடுமாறும். பலவீனமும் அந்த வலது பக்கமே. இரண்டு இடத்திலும் கெட்டது சிறுமூளைக்குப் போகிற பாதைதான். ஒன்று தன் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம் ஏன்?

இரண்டாவது: முன் தண்டுவடப் பாதை (தண்டுவடத்திலிருந்து சிறுமூளைக்கு ஏறுவது) தண்டுவடத்தில் ஒருமுறை, சிறுமூளைக்குள் ஒருமுறை என இரண்டு தடவை பக்கம் மாறிக் கிளம்பிய பக்கத்துக்கே வந்து சேருகிறது. பின் பாதை ஏற்கெனவே அதே பக்கம் இருக்கும்போது இது எதைக் கொண்டுவருகிறது?

மூன்றாவது: சிறுமூளைக்கு வரும் இழைகளில் மாஸி இழை, கிளைம்பிங் இழை என்ற பிரிவை இந்த மூன்று காம்புகளோடு எப்படிப் பொருத்துவது?

உடற்கூறு_மேசை எழுதியது:

முதலில் அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுமூளையின் ஒவ்வொரு பாதியும் உடம்பின் தன் பக்கத்தையே கவனிக்கிறது. இடது பாதிக்கு இடது கை, கால். பாதைகள் எங்கே தாண்டுகின்றன என்பது முழுவதும் இதிலிருந்தே வரும்.

தண்டுவடத்திலிருந்து வரும் செய்தி ஏற்கெனவே உரிய பக்கத்தில்தான் இருக்கிறது, தாண்ட வேண்டியதில்லை. பெருமூளைப் புறணி எதிர்ப்பக்க உடம்பை ஆள்வது. அங்கிருந்து வருவது தாண்டியே ஆகவேண்டும். கீழ் ஆலிவும் (முகுளத்தில் உள்ள நியூரான் கூட்டம்) அப்படித்தான்: இடது ஆலிவின் ஆக்ஸான்கள் எல்லாம் நடுக்கோட்டைத் தாண்டி வலது கீழ்க்காம்பு வழியாக வலது சிறுமூளைக்குப் போகும்.

இப்போது உங்கள் பான்ஸ். புறணியிலிருந்து இறங்கும் இழை அதே பக்கப் பான்ஸ் நியூக்ளியஸ்களில் (நியூரான் கூட்டங்கள்) முடிகிறது. தாண்டுவது அங்கிருந்து கிளம்பும் இரண்டாவது நியூரானின் ஆக்ஸான். அது குறுக்காகப் போய் எதிர்ப்பக்க நடுக்காம்பாகத் திரள்கிறது. ஆக இடது பான்ஸின் அடியில் அடைப்பு வந்தால் கெடுவது தாண்டுவதற்கு முந்தைய கட்டம். அந்த நியூக்ளியஸ்கள் பேசுவது வலது சிறுமூளையோடு, எனவே தடுமாற்றம் வலப்பக்கம். அதே இடத்தில் இறங்கும் இடது பிரமிடு இழைகளும் (புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு அசைவுக் கட்டளை கொண்டுபோகிறவை) வலது உடம்புக்கானவை. பலவீனமும் தடுமாற்றமும் ஒரே பக்கம் சேருவது இதனால்தான். அதே பாதையை இடது நடுக்காம்பில் வெட்டிப் பாருங்கள். தாண்டி முடிந்த கட்டம் அது. தடுமாற்றம் இடப்பக்கம் வரும். பாதை ஒன்றுதான், வெட்டும் இடம் தாண்டுவதற்கு முன்பா பின்பா என்பதே விடை.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது. இடது பான்ஸின் அடி வழியாக வலது நியூக்ளியஸ்களின் இழைகளும் கடந்துபோகின்றன, இடது நடுக்காம்பை நோக்கி. எனவே அடைப்பு சற்றுப் பெரிதாக இருந்தால் இடது கையிலும் லேசான தடுமாற்றம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது அடைப்பைத் தேட வேண்டியதில்லை.

முகுளத்துக்கு வந்தால், கீழ்க்காம்பில் சேர்ந்து ஓடுவது அதே பக்கத் தண்டுவட இழைகளும் எதிர்ப்பக்க ஆலிவிலிருந்து தாண்டி முடித்த இழைகளும். இரண்டும் போய்ச் சேருவது அதே பக்கச் சிறுமூளைக்கு. வேறு பக்கம் தடுமாற வழியே இல்லை.

வார்டு_சுற்று எழுதியது:

மேலே சொன்ன பான்ஸ் கதைதான் நோயாளியிடம் நாம் பார்க்கும் அட்டாக்ஸிக் ஹெமிபாரிசிஸ், அதாவது ஒரே பக்கம் தடுமாற்றமும் பலவீனமும். நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1965-ல் காலில் பலவீனமும் அதே பக்கத் தடுமாற்றமும் சேர்ந்து வருவதை விவரித்தார். 1978-ல் இந்தப் பெயரில் பான்ஸ் அடியின் சின்ன அடைப்போடு அதைப் பொருத்திக் காட்டினார். பான்ஸ் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. பெருமூளைக்குள் இழைகள் இறங்கும் இடங்களான இன்டெர்னல் காப்ஸ்யூலிலும் கொரோனா ரேடியேட்டாவிலும் புறணி–பான்ஸ் இழைகளும் பிரமிடு இழைகளும் பக்கத்துப் பக்கத்தில் இறங்குகின்றன. அங்கே வரும் அடைப்பும் இதே படத்தைத் தரும்.

பரிசோதனையில் தவறு நடப்பது இந்த இடத்தில். பலவீனமான கை எதுவும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். விரலை மூக்குக்குக் கொண்டுபோகும்போது வரும் தடுமாற்றம் அந்தப் பலவீனத்தின் அளவை மீறி இருக்கிறதா என்பதே கேள்வி. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கவே சிரமப்படும் கையில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. கிட்டத்தட்ட முழுபலம் உள்ள கையில் விரல் இலக்கைத் தாண்டிப் போவதும், நெருங்க நெருங்க ஆட்டம் கூடுவதும்தான் மதிப்புள்ள குறி.

நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பார்ப்பதும் உள்ளே வரும் பாதை பற்றிய சோதனைதான். சிறுமூளையே கெட்டிருந்தால் கண் திறந்திருந்தாலும் தடுமாறும். மூடினால் பெரிதாக மாறாது. உணர்வுச் செய்தியைத் தண்டுவடத்துக்குள் கொண்டுவரும் பின்வேர்களிலோ அதை மேலே ஏற்றும் பின்தூணிலோ கோளாறு என்றால் கண்ணை மூடியதும் நிலை குலையும். பரம்பரை நோயான ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவில் இரண்டும் கலந்து வரும். பின்வேர் கேங்லியான் செல்கள் குறைந்து, தண்டுவடத்தின் கிளார்க் நிரல் மெலிந்து, பின் தண்டுவடப் பாதை தேய்ந்து, சிறுமூளையின் டென்டேட் நியூக்ளியஸும் பாதிக்கப்படுகிறது. வருகையும் போக்கும் சேர்ந்து கெட்ட நோய் அது. கால் ரிஃப்ளெக்ஸ் மறைந்திருக்க, பாதம் மேல்நோக்கி மடங்கும் பாபின்ஸ்கியும் இருந்தால் இதை நினைத்தே ஆகவேண்டும்.

துண்டுப்பதிவு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். முன் பாதை, பின் பாதை என்று சொல்லும்போது ஒரே செய்திக்கு இரண்டு வழி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. செய்தியே வேறு.

பின் பாதை கிளார்க் நிரலில் தொடங்குகிறது. லாக்ஹார்ட் கிளார்க் 1851-ல் விவரித்தது. தண்டுவடத்தின் சி8 மட்டம் (கழுத்தின் கடைசி) தொடங்கி எல்2, எல்3 (மேல் இடுப்பு) வரை மட்டும் இருக்கிறது. காலின் கீழ்வேர்கள் நுழையும் இடத்தில் அந்த நிரலே இல்லை. எனவே அந்த இழைகள் பின்தூணின் கிராசைல் கற்றையில் ஏறி எல்2 மட்டத்துக்கு வந்து பிறகுதான் கிளார்க் செல்களைச் சந்திக்கின்றன. தசைக்கதிரிலிருந்தும் தசைநாண் உறுப்பிலிருந்தும் வரும் செய்தி இது: எந்தத் தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு இழுபட்டது. மைய நரம்பு மண்டலத்திலேயே மிக வேகமான இழைகளில் இவை சேரும். வினாடிக்கு 120 மீட்டர் வரை போகும். கைக்கு கிளார்க் நிரல் கிடையாது. கை வேர்களின் இழைகள் கியூனியேட் கற்றையில் ஏறி முகுளத்தில் உள்ள துணை கியூனியேட் நியூக்ளியஸில் முடிந்து, அங்கிருந்து அதே பக்கக் கீழ்க்காம்பில் நுழையும்.

முன் பாதை தொடங்குவது இடுப்பு மட்டத்தில், முன்கொம்பின் ஓரத்தில் உள்ள செல்களில். இந்தச் செல்களுக்குத் தசைச் செய்தி மட்டும் வருவதில்லை. மூளையிலிருந்து இறங்கும் கட்டளையும், தண்டுவடத்துக்குள் நடையை ஓட்டும் இடைநியூரான்களின் செய்தியும் அதே செல்லில் வந்து விழுகின்றன. ஆண்டெர்ஸ் லுண்ட்பெர்க் 1971-ல் முன்வைத்த கருத்து இதுதான்: முன் பாதை சொல்வது தண்டுவடச் சுற்றுகளுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்பதை, கால் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது அதன் முதல் வேலை இல்லை.

இதற்கு நல்ல சோதனை மாஸ்கோவில் அர்ஷாவ்ஸ்கி குழு பூனையில் செய்தது. பின்வேர்களை வெட்டிவிட்டால் காலிலிருந்து எந்தச் செய்தியும் வராது. அந்த நிலையில் நடைத் தாளத்தை ஓடவிட்டால் பின் பாதை இழைகள் தாளத்தை இழந்துவிட்டன. முன் பாதை இழைகள் தாளம் தவறாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்று உடம்பில் நடந்ததைச் சொல்கிறது, மற்றொன்று செய்யச் சொன்னதைச் சொல்கிறது. இரண்டும் சிறுமூளையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து இறங்கினால்தான் ஒப்பிட முடியும். முன் பாதை சுற்றிவந்து தன் பக்கத்துக்கே திரும்புவதை அந்தக் கோணத்தில் பாருங்கள்.

நுழையும் வழியும் வேறு. முன் பாதை பான்ஸ் மட்டம் வரை எதிர்ப்பக்கத்தில் ஏறி மேல்காம்பின் மேல்புறமாக வளைந்து நுழைகிறது. உள்ளே போனதும் பெரும்பாலான இழைகள் திரும்பத் தாண்டும். மேல்காம்பு வெளியேறும் வாசல் என்று மட்டும் எழுதுபவர்கள் தவறுவது இங்கே.

உடற்கூறு_மேசை எழுதியது:

கிளார்க் நிரலை நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தச் செல்கள் பெரிது, உருண்டை. உட்கரு ஓரத்தில் ஒதுங்கி, சாயம் ஏறும் நிஸ்ஸல் பொருளும் விளிம்பில் இருக்கும். வேறு எந்த நியூரானிலும் இப்படி இருந்தால் ஆக்ஸான் வெட்டுப்பட்ட அடையாளம் என்று எழுதிவிடுவோம். இங்கே அதுதான் இயல்பு நிலை. கீழ் மார்பு, மேல் இடுப்பு மட்டத்தில் நிரல் மிகப் பெரிது. முதல்முறை பார்ப்பவர் டி12 மட்டத் துண்டைக் கேட்டு வாங்கி, பின்கொம்பின் அடிப்பாகத்தில் நடுப்பக்கமாகத் தேடட்டும்.

காம்புகளின் பங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுக்காம்பு முழுவதும் வருகை, அதுவே மிகப் பெரியது. மனிதனில் அதில் ஏறத்தாழ 2 கோடி இழைகள். பிரமிடில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம்தான். சிறுமூளைக்கு முக்கியமாகச் செய்தி தருவது தண்டுவடம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் 40-க்கு 1 என்ற விகிதத்தில் என்று பாடநூல்கள் தருகின்றன. கீழ்க்காம்பு கலப்பு. அதன் பெரிய வெளிப்பகுதி வருகை. உள்பக்கமாக ஒட்டியிருக்கும் சின்னப் பகுதியில் வெஸ்டிபுலர் (சமநிலை உணர்வு) இழைகள் இரு திசையிலும் ஓடும். அந்தச் சின்னப் பகுதியில்தான் ஓர் அபூர்வமும் இருக்கிறது: உட்காதின் வெஸ்டிபுலர் நரம்பிலிருந்தே சில இழைகள் இடையில் எங்கும் நிற்காமல் நேராக அதே பக்க நோடுலஸ், யூவுலா என்ற சிறுமூளைப் பகுதிகளுக்குப் போகின்றன. முதல்நிலை உணர்விழை நேரடியாகச் சிறுமூளைக்குள் நுழையும் இடம் அது.

துண்டுப்பதிவு எழுதியது:

மூன்றாவது கேள்வி. காம்பு என்பது வாசல். மாஸி, கிளைம்பிங் என்பது உள்ளே போய் எப்படி முடிகிறது என்பது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் குழம்பத்தான் செய்யும். கிளைம்பிங் இழை வருவது ஒரே ஓர் இடத்திலிருந்து: கீழ் ஆலிவ். பான்ஸ், தண்டுவடம், வெஸ்டிபுலர், ரெட்டிகுலர் எல்லாம் மாஸி. எனவே நடுக்காம்பில் மாஸி மட்டும், கீழ்க்காம்பில் இரண்டும்.

நரம்பு உடற்கூற்றாளர் காஹால் 1888-லேயே இரண்டு இழைகளையும் வரைந்துவிட்டார். ஆனால் கிளைம்பிங் இழை பான்ஸிலிருந்து வருவதாக எண்ணினார். அது ஆலிவிலிருந்து வருகிறது என்பதற்கு 1959-ல் சென்டகோத்தாய், ராய்கோவிட்ஸ் இருவரும் ஆதாரம் தந்தார்கள்.

கிளைம்பிங் இழையை நம்மூரில் மலைத்தோட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முள்முருங்கை மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதுபோல், சிறுமூளைப் புறணியின் முக்கிய செல்லான புர்கின்ஜி செல்லின் தண்டையும் பெரிய கிளைகளையும் பற்றி ஏறுகிறது. வளர்ந்த விலங்கில் ஒரு மரத்துக்கு ஒரே கொடி. ஆனால் ஓர் ஆலிவ் ஆக்ஸான் பிரிந்து பல மரங்களில் ஏறும். எலியில் சராசரி 7 என்று தனித்தனி ஆக்ஸான்களைத் தடம் பிடித்துக் கண்டிருக்கிறார்கள். ஒரு கொடி ஒரு மரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் சினாப்ஸ் போடுவதால், அது ஒருமுறை சுட்டால் புர்கின்ஜி செல் கட்டாயம் சுடும்: முதலில் ஒரு பெரிய ஸ்பைக், அதன் வாலில் சின்னச் சின்ன ஸ்பைக்குகள், பிறகு சிறு மௌனம். இதுதான் காம்ப்ளெக்ஸ் ஸ்பைக். வினாடிக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும்.

மாஸி இழை நேராகப் புர்கின்ஜியைத் தொடாது. கிரானியூல் அடுக்கில் பாசி படிந்ததுபோல் ஆங்காங்கே வீங்கி முடிச்சிடுகிறது. ஒவ்வொரு முடிச்சையும் பல கிரானியூல் செல்களின் டென்ட்ரைட் நுனிகள் சூழ்ந்து, கால்ஜி செல்லின் தடுப்பு முனைகளும் சேர்ந்து ஒரு குளோமருலஸ் ஆகிறது. ஒரு கிரானியூல் செல்லுக்கு நான்கைந்து டென்ட்ரைட்டுதான். அதன் ஆக்ஸான் மேலேறி T வடிவில் பிரிந்து பேரலல் இழையாக மடிப்பின் நீளவாக்கில் ஓடும். ஒரு புர்கின்ஜி செல்லின் விசிறியைக் கடக்கும் பேரலல் இழைகள் ஒன்றரை முதல் 2 லட்சம். ஒவ்வொன்றும் பலவீனம்; கூட்டாகச் சேர்ந்து வினாடிக்குப் பல பத்து சிம்பிள் ஸ்பைக்குகளை ஓட்டுகின்றன. 2009-ல் வெளியான எண்ணிக்கைப்படி மனித மூளையின் 8,600 கோடி நியூரான்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான். அதில் ஆகப்பெரும்பங்கு கிரானியூல் செல்கள், அதாவது மாஸி இழைச் செய்தியை வாங்கிப் பிரித்து எழுதவே இருக்கும் செல்கள்.

லோகஸ் சிருலியஸிலிருந்து நார்அட்ரினலினும், ரஃபேயிலிருந்து செரடோனினும் கொண்டுவரும் இழைகள் மூன்றாவது வகை. எல்லா அடுக்கிலும் பரவும். இன்னொன்று: மாஸியும் கிளைம்பிங்கும் புறணிக்குப் போகிற வழியில் ஆழ் நியூக்ளியஸ்களுக்குக் கிளை விடுகின்றன. புர்கின்ஜி அந்த நியூக்ளியஸ்களைத் தடுக்க மட்டுமே செய்யும். அவற்றைத் தூண்டும் அடிப்படை வருவது இந்தக் கிளைகளிலிருந்து.

முகுளம் எழுதியது:

மூளைத் துண்டில் பதிவு செய்யும்போது வருவது கிளைம்பிங்கா பேரலலா என்று எப்படி நிச்சயிக்கிறீர்கள்? இரண்டுமே குளூட்டமேட்தானே.

துண்டுப்பதிவு எழுதியது:

மூன்று குறிகள் சேர்ந்து வரவேண்டும். சுண்டெலி என்றால் வெர்மிஸில் (சிறுமூளையின் நடுப்பகுதி) சாஜிட்டல் (முன்பின் வாக்கு) துண்டு, 250 மைக்ரோமீட்டர். புர்கின்ஜி விசிறி அந்தத் தளத்தில்தான் விரிந்திருக்கிறது, கொடியும் அறுபடாது. பேரலல் இழை நீளமாக வேண்டுமென்றால் கரோனல் (இடவலம் வாக்கு) துண்டு. காபா தடுப்பை நிறுத்த பிக்ரோடாக்சின் 100 மைக்ரோமோலார். பதிவுக் குழாய்க்குள் சோடியம் வாய்க்கால்களை அடைக்கும் கியூஎக்ஸ்-314 போடாவிட்டால் சோடியம் ஸ்பைக் தப்பி ஓடிப் பதிவையே கெடுத்துவிடும். கிளைம்பிங் மின்னோட்டம் மிகப் பெரியது, மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் கிளாம்ப் (செல்லின் மின்னழுத்தத்தைப் பிடித்துவைப்பது) தாங்காது. மைனஸ் 10 அல்லது 20 மில்லிவோல்ட்டில் பிடியுங்கள்.

தூண்டும் முனையைக் கிரானியூல் அடுக்கில், செல்லுடலுக்கு அருகே வைத்து மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். கிளைம்பிங் என்றால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு ஒரேயடியாக முழு அளவு. அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் வளராது. பேரலல் என்றால் ஏற்ற ஏற்றப் படிப்படியாக வளரும். பிறகு 50 மில்லிவினாடி இடைவெளியில் இரண்டு துடிப்பு கொடுங்கள்: கிளைம்பிங்கில் இரண்டாவது சிறிதாகும், பேரலலில் இரண்டாவது பெரிதாகும். அடுத்த சுற்றுக்கு முன் 5 வினாடியாவது விடவேண்டும்.

ஏமாறும் இடம் வயது. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் ஒரு புர்கின்ஜியில் பல கொடிகள் ஏறியிருக்கும். ஒன்று மட்டும் நின்று மற்றவை விலகி முடிவது மூன்றாம் வாரக் கடைசியில்தான். 10 நாள் குட்டியில் இரண்டு மூன்று படிகள் தெரிந்தால் அது பதிவின் கோளாறு இல்லை. 30 நாள் விலங்கில் அப்படித் தெரிந்தால் அப்போதுதான் யோசிக்கவேண்டும். அதுவும் தூண்டும் முனையை வேறு இடங்களுக்கு நகர்த்திப் பார்த்த பிறகு.

கணக்கன் எழுதியது:

கிளைம்பிங் இழை பிழையைச் சொல்லும் ஆசிரியர் என்ற கருத்தை இங்கே வைக்காமல் இந்த விவாதம் முழுமையாகாது. கோட்பாட்டாளர்கள் மார் 1969-லும் அல்பஸ் 1971-லும் கணக்காகச் சொன்னது; இட்டோ 1982-ல் கிளைம்பிங்கும் பேரலலும் சேர்ந்து சுட்டால் பேரலல் சினாப்ஸ் நீண்டநேரம் தளர்வதைக் காட்டினார்.

இதற்கு நான் மிக மதிக்கும் ஆதாரம் முயலின் கண்சிமிட்டல் சோதனை. ஒலியைக் கேட்டதும், கண்ணில் காற்று படும் முன்பே முயல் சிமிட்டக் கற்றுக்கொள்கிறது. ரிச்சர்ட் தாம்ப்ஸன் குழு ஒலியை எடுத்துவிட்டுப் பான்ஸ் நியூக்ளியஸை மின்னால் தூண்டியது. காற்றை எடுத்துவிட்டு ஆலிவின் மேல் துணைப்பகுதியைத் தூண்டியது. முயல் கற்றுக்கொண்டது. வெளியுலகத்தில் ஒன்றுமே இல்லை, இரண்டு வருகைப் பாதைகள் மட்டும். சூழலைச் சொல்வது மாஸி, தவறைச் சொல்வது கிளைம்பிங் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

துண்டுப்பதிவு எழுதியது:

அந்தச் சோதனையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிலிருந்து ஆலிவுக்கு அது ஒன்றே வேலை என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க மாட்டேன். ஆலிவ் செல்கள் கனெக்ஸின் 36 என்ற புரதம் கொண்ட கேப் ஜங்ஷன்களால் மின்னாகவே இணைந்து, தாமாக அலைகின்றன. ஹார்மலின் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்த அலை ஒத்திசைந்து உடம்பே நடுங்குகிறது. நரம்பியலாளர் லினாஸ் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: எத்தனை செல் எந்தக் கணத்தில் சேர்ந்து சுடுகிறது என்பது அசைவின் நேரத்தை ஒழுங்குபடுத்துகிறது. இட்டோ காட்டிய தளர்வுக்கும் சிக்கல் வந்தது; 2011-ல் ராட்டர்டாம் குழு அந்தத் தளர்வு நடக்க முடியாதபடி மாற்றிய சுண்டெலிகளும் அசைவைக் கற்பதைக் காட்டியது.

கணக்கன் எழுதியது:

ஏற்கிறேன்; தளர்வு ஒன்றுதான் கற்றலின் இடம் என்று இன்று நானும் சொல்லமாட்டேன். கிரானியூல் அடுக்கு, ஆழ் நியூக்ளியஸ், தடுப்பு செல்கள் எல்லா இடத்திலும் மாற்றம் நடக்கிறது. மாஸி பக்கமும் பழைய படம் போதாது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில், கைப்பிடியைத் தள்ளிச் சர்க்கரை நீர் வாங்கும் சுண்டெலிகளில், கிரானியூல் செல்கள் பரிசை எதிர்பார்ப்பதையே குறிப்பதைக் கண்டார்கள். பான்ஸ் வழியாகப் புறணி அனுப்புவது வெறும் அசைவுச் செய்தி மட்டும் இல்லை என்பதற்கு அது நேரடிச் சான்று. ஆனால் பிழை என்ற சொல்லைக் கைவிடமாட்டேன். எதிர்பாராதது நடந்தது என்பதும் பிழைதான்.

எம்ஆர்ஐ_அறை எழுதியது:

படத்தில் இவை எப்படித் தெரியும் என்பதையும் சேர்க்கிறேன். டிஃப்யூஷன் வண்ணப்படத்தில் (நீரசைவை வைத்து இழையின் திசையை நிறமாகக் காட்டும் எம்ஆர்ஐ) பான்ஸ் மட்டத்தை எடுத்தால் குறுக்காகப் போகும் இழைகள் சிவப்பு, இறங்கும் பிரமிடு இழைகள் நீலம், பின்னோக்கி வளையும் நடுக்காம்பு பச்சை. ஒரே பாதை தாண்டும்போது சிவப்பாகவும் காம்பில் பச்சையாகவும் மாறுவதை அங்கேயே பார்க்கலாம்.

அதிலிருந்து இழைப்பாதையைக் கோடாக வரையும் டிராக்டோகிராஃபியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வழக்கமான டென்சர் முறையில் ஒரு வாக்ஸெலுக்கு (படத்தின் மிகச்சிறு கட்டம்) ஒரு திசைதான். பான்ஸில் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று பின்னிப்போகும் இடத்தில் கோடு தாண்ட மறுத்து அதே பக்கச் சிறுமூளைக்கு இறங்கிவிடும். இடது புறணியை இடது சிறுமூளையோடு இணைத்துக் காட்டும் அழகான படங்கள் இப்படித்தான் உருவாகின்றன. பி மதிப்பை (டிஃப்யூஷன் உணர்திறனின் அளவு) 1000-லிருந்து 2500, 3000-க்கு ஏற்றி, ஒரு வாக்ஸெலில் பல திசைகளைப் பிரிக்கும் கணக்கு முறை வேண்டும். பின்பள்ளத்தில் படம் நெளியும் என்பதால் எதிர்த் திசை ஃபேஸ் என்கோடிங்கில் ஒரு சிறு தொகுப்பையும் எடுத்துத் திருத்துங்கள். அதற்குப் பிறகும் கோடு சினாப்ஸைக் காணாது, போகும் திசையையும் காணாது. வருகையா போக்கா என்பதை உடற்கூறுதான் சொல்லவேண்டும்.

குறுக்கிழைகள் அழிந்தால் படம் பேசும். மல்டிபிள் சிஸ்டம் அட்ராஃபியின் சிறுமூளை வகையில் பான்ஸ் நியூக்ளியஸ்களும் அவற்றின் குறுக்கிழைகளும் கெட்டு, பிரமிடு இழைகள் தப்பிவிடும். டி2 (ஓர் எம்ஆர்ஐ பட வகை) குறுக்குவெட்டில் பான்ஸின் நடுவே சிலுவை போட்ட பன் ரொட்டிபோல் வெள்ளைக்கோடுகள். இரண்டு நடுக்காம்பும் சமமாக வெளுத்திருந்தால் இன்னொரு நோயையும் கேளுங்கள்: ஃப்ராஜைல் எக்ஸ் மரபணுவின் முன்மாற்றத்தோடு வரும் நடுக்கமும் தடுமாற்றமும். பான்ஸில் பழைய அடைப்பு இருந்தால் அறுபட்ட இழை நெடுக அழியும் வாலேரியன் சிதைவாலும் இரண்டு நடுக்காம்பும் வெளுக்கும். புதிய அடைப்பு என்று எழுதிவிடாமல் பழைய படத்தைத் தேடிப் பாருங்கள்.

முகுளம் எழுதியது:

கையால் பிரித்துப் பார்க்க ஆசை. மூளையை உறையவைத்து இழை பிரிக்கும் கிளிங்லர் முறையில் காம்புகளைப் பிரிக்க எங்கிருந்து தொடங்குவது?

உடற்கூறு_மேசை எழுதியது:

மூளையைப் பேசிலார் தமனியில் நூல் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு 10 சதவீத ஃபார்மலினில் குறைந்தது இரண்டு மாதம். பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்தால் சிறுமூளை தட்டையாகிவிடும். பிறகு கழுவி, உறையையும் குழாய்களையும் முழுவதும் உரித்து, மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம். உறைபனிப் படிகங்கள் இழைகளுக்கு இடையில் வளர்ந்து அவற்றை விலக்கித் தருகின்றன. இந்த முறையின் உயிரே அதுதான். உறை மிச்சமிருந்தால் பின்னால் இழுக்கும்போது இழையோடு பிய்ந்து வரும். ஓடும் நீரில் மெதுவாக உருகவிடுங்கள்.

கருவி மெல்லிய மரத் தகடு. உலோகக் கத்தி இழையை வெட்டும். மரம் இழையின் போக்கிலேயே உரிக்கும். ஐந்தாம் நரம்பு வெளிவரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் பான்ஸ், பின்னால் நடுக்காம்பு. அங்கிருந்து சிறுமூளைப் பக்கமாக உரித்தால் நடுக்காம்பின் இழைகள் விசிறிபோல் விரியும். பான்ஸின் மேல் குறுக்கிழைகளை எடுத்தால் அடியில் பிரமிடு கற்றைகள் நீளவாக்கில் தெரியும். இரண்டும் பின்னியிருப்பதால் முழுத் தகடாக வராது, துண்டு துண்டாகத்தான் வரும். அவசரப்பட்டால் பிரமிடும் சேர்ந்து போய்விடும்.

நடுக்காம்பைப் பக்கவாட்டிலிருந்து குறைத்துக்கொண்டே போனால் அதன் உள்ளே கீழ்க்காம்பு. முகுளத்தின் பின்பக்க ஓரமாக மேலேறி வந்து சட்டென்று பின்னோக்கி மடங்கும். அந்த வளைவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்காம்பு எல்லாவற்றுக்கும் உட்பக்கம், நான்காம் வென்ட்ரிக்கிளின் சுவராக. வெளியிலிருந்து உள்ளே நடு, கீழ், மேல் என்ற வரிசை.

முகுளம் எழுதியது:

இதுவரை படித்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டேன், சரிபாருங்கள். இடது சென்ட்ரல் டெக்மென்டல் பாதையில் ரத்தக்கசிவு. அந்தப் பாதை இடது ஆலிவுக்கு இறங்குகிறது. எனவே கெடுவது இடது ஆலிவ். இடது ஆலிவின் கொடிகள் ஏறுவது வலது சிறுமூளையில். எனவே கையில் நடுக்கமோ தடுமாற்றமோ வந்தால் வலது கையில்.

வார்டு_சுற்று எழுதியது:

சரி. கெடும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகையை இழந்த நியூரான் பொதுவாகச் சுருங்கும், ஆலிவ் வீங்கும். அதனால்தான் ஹைபர்ட்ரோஃபிக் (வீங்கிய) என்ற பெயர். டி2-ல் வெண்மை ஒரு மாதம் போல ஆனதும் தெரியத் தொடங்கும், வீக்கம் ஆறு மாத அளவில் தெரியும், மூன்று நான்கு ஆண்டுகளில் வீக்கம் வடிந்துவிடும், வெண்மை நிற்கும். முதல் வாரப் படத்தில் ஆலிவ் சரியாக இருக்கிறது என்று எழுதி மூடிவிட்டால் பின்னால் வருவதைத் தவறவிடுவோம். அண்ணம் வினாடிக்கு ஒன்று முதல் மூன்று முறை துடிக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

துண்டுப்பதிவு எழுதியது:

அந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். டென்டேட்டிலிருந்து ஆலிவுக்குக் காபா இழைகள் போகின்றன, மேல்காம்பு வழியாக எதிர்ப்பக்கம் தாண்டி. வலது டென்டேட்டோ வலது மேல்காம்போ கெட்டால், தாண்டலுக்கு முன்பு என்பதால், வீங்குவது இடது ஆலிவ். அந்தத் தடுப்பு போனதும் ஆலிவ் செல்களின் மின்னிணைப்பு கட்டவிழ்ந்து ஒத்திசைந்து சுடத் தொடங்குகிறது.

எம்ஆர்ஐ_அறை எழுதியது:

மேல்காம்புகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்திலேயே நடுமூளையில் கசிவு இருந்தால் இரண்டு ஆலிவும் வீங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெண்மை தெரிந்தால் முகுளத்தில் புதிய அடைப்பு என்று எழுதும் முன் மேலே ஏறி நடுமூளையைப் பாருங்கள். டிஃப்யூஷனில் புதிய அடைப்பு ஒளிரும், இது ஒளிராது, கான்ட்ராஸ்ட்டும் ஏறாது.